ஒரு மரணசாசனமும் சில புனைபெயர்களும்: மிச்சிகன் ஆங்கிலத்துறையின் ஹொப்வுட் பரிசு

1928ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி, பிரான்சின் தென்கரையில் ஜுவான் லே பான் என்ற ஊரில் கடலில் நீந்த இறங்கிய ஓர் அமெரிக்கர் மாரடைப்பால் இறந்துபோனார். வயது 46. பெயர் ஏவ்ரி ஹொப்வுட். இன்று அவருடைய நாடகங்களை மேடையேற்றுவோர் மிகக் குறைவு. அன்றோ, நியூ யோர்க்கின் புரோட்வே அரங்குகளில் மிகுந்த வருமானம் பார்த்த நாடகாசிரியர்களில் அவர் ஒருவர். 1920இல் அவருடைய நான்கு நாடகங்கள் ஒரே காலத்தில் புரோட்வேயில் ஓடின. அவற்றுள் இரண்டு இன்றும் பெயரளவிலேனும் நினைவில் இருக்கின்றன. ஒன்று, பணக்கார ஆண்களைத் தேடும் நடனப் பெண்களைப் பற்றிய ‘த கோல்ட் டிக்கர்ஸ்’. மற்றது, மேரி ரொபேர்ட்ஸ் ரைன்ஹார்ட்டுடன் சேர்ந்து எழுதிய ‘த பாட்’ என்ற மர்ம நாடகம். பின்னாளில் பாட்மனை உருவாக்கிய பொப் கேன், அந்தக் கதையின் திரைப்பட வடிவமொன்று தனக்குத் தூண்டுதலாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

மீதி நாடகங்களில் பலவும் படுக்கையறையைச் சுற்றிச் சுழலும் கேலி நாடகங்கள். கதவு திறக்கும், கணவன் வருவான், கட்டிலுக்கு அடியில் ஒருவர் ஒளிந்துகொள்வார். சனம் சிரித்தது, காசு கொட்டியது. ஆனால் ஹொப்வுட் தனக்குள் வேறொரு எழுத்தாளரை வைத்திருந்தார். கனதியான ஒரு நாவலை எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த நாவலின் கையெழுத்துப் பிரதி அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்துத்தான் கண்டெடுக்கப்பட்டது. அது அச்சேறியது 2011இல்.

கிளீவ்லாந்தில் பிறந்து, 1905இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் ஹொப்வுட். நாடகம் எழுதினால் எவ்வளவு காசு வரும் என்று விளக்கிய ஒரு கட்டுரையைப் பல்கலைக்கழகப் பழைய மாணவர் இதழில் படித்ததுதான் தன்னை அந்தப் பக்கம் தள்ளியது என்று அவரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த நன்றிக்கடனோ, எழுதாமல் விட்ட எழுத்தின் உறுத்தலோ, தன் மரணசாசனத்தில் சொத்தின் ஐந்திலொரு பங்கை மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். காசை முதலிட்டு, வருகின்ற வட்டியில், நாடகம், புனைகதை, கவிதை, கட்டுரை ஆகிய நான்கு துறைகளில் சிறந்த படைப்பை எழுதும் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பரிசு வழங்கவேண்டும். அதோடு ஒரு விருப்பத்தையும் சேர்த்தார். மாணவர்களுக்கு இயன்றவரை கட்டற்ற சுதந்திரம் கொடுக்கவேண்டும். புதியதும் வழமைக்கு மாறானதும் தீவிரமானதும் விசேடமாக ஊக்குவிக்கப்படவேண்டும்.

வாழ்நாள் முழுவதும் பார்வையாளருக்குப் பிடித்ததையே எழுதிய ஒருவர், பார்வையாளருக்குப் பிடிக்குமா என்ற பயமில்லாமல் எழுதப்போகிற பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற காசு இது.

*

மரணசாசனத்தில் ஹொப்வுட் குறிப்பிட்டது ஆங்கிலத்துறையை அல்ல. மிச்சிகனில் ‘ரெட்டரிக்’ என்ற பெயரில், எழுதக் கற்பிப்பதற்கென்றே ஒரு தனித்துறை 1903 முதல் இருந்தது. பிரெட் நியூட்டன் ஸ்கொட் என்ற பேராசிரியர் கட்டிவளர்த்த துறை. இலக்கியத்தை வாசிப்பது ஆங்கிலத்துறையின் வேலை, எழுதுவது இந்தத் துறையின் வேலை என்று ஒரு பாகப்பிரிவினை. ஸ்கொட் ஓய்வு பெற்ற பின்னர், ஹொப்வுட் பரிசு தொடங்கிய அதே காலத்தை ஒட்டி, அந்தத் துறை ஆங்கிலத்துறையோடு இணைக்கப்பட்டது. ஆக, எழுத்துக்கென்று விடப்பட்ட பெரும் நிதியொன்று இலக்கிய ஆய்வுக்கென்று இருந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. செத்தவரைப் படிப்பதா, உயிரோடிருப்பவரை எழுதச் செய்வதா என்ற பிணக்கு இன்றும் பல ஆங்கிலத்துறைகளில் தொடர்கிறது. மிச்சிகனில் அந்தப் பிணக்கில் ஒரு தரப்பின் கையில் சொந்தக் காசு இருந்தது.

நிலம் முன்னரே பண்பட்டிருந்தது. 1921இல் பல்கலைக்கழகத் தலைவர் மரியன் பேர்ட்டன், முன்னாள் ஆளுநர் சேஸ் ஒஸ்போர்ன் கொடுத்த 5,000 டொலரைக்கொண்டு கவிஞர் ரொபேர்ட் ஃபுரொஸ்டை ஆன் ஆர்பருக்கு அழைத்து வந்திருந்தார். வகுப்பு எடுக்கவேண்டியதில்லை, இருந்தால் போதும். ஒரு கவிஞர் வளாகத்தில் சும்மா இருப்பதற்குச் சம்பளமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் மாணவர்கள் அவரைச் சுற்றிக் கூடினார்கள். எழுத்தாளர் என்பவர் புத்தக அட்டையில் மட்டும் இருப்பவர் என்ற எண்ணம் அங்கே அப்போதே கொஞ்சம் குலைந்துவிட்டது.

1929இல் ஹொப்வுட்டின் தாயும் காலமானார். முதலாவது பரிசுகள் 1931இல் வழங்கப்பட்டன. அந்த ஆண்டைக் கவனிக்கவேண்டும். பங்குச்சந்தை சரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகவில்லை. பக்கத்து டிட்ரொயிட்டில் கார்த் தொழிற்சாலைகள் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஒரு பல்கலைக்கழகம், எழுதியதற்காக மாணவர் கையில் நூற்றுக்கணக்கில் டொலரைக் கொடுத்தது. மூத்த மாணவருக்கும் பட்டப்பின் மாணவருக்கும் உரிய பெரும்பரிசு ஆயிரம் டொலரைத் தாண்டுவதும் உண்டு. இளநிலை மாணவருக்குச் சிறுபரிசு. அதுவே 250 டொலர். அமெரிக்காவின் வேறு மூலைகளிலிருந்து இந்தக் காசை மனத்தில் வைத்தே பிள்ளைகள் மிச்சிகனுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினார்கள்.

பரிசு வழங்கும் முறையும் யோசித்துச் செய்யப்பட்டிருந்தது. தட்டச்சுப் பிரதியில் மாணவரின் பெயர் இருக்கக்கூடாது, புனைபெயர்தான். இறுதித் தீர்ப்பைத் துறையின் ஆசிரியர்கள் சொல்லமாட்டார்கள். வெளியூரிலுள்ள எழுத்தாளர்களும் விமர்சகர்களும் நடுவர்களாக இருப்பார்கள். வகுப்பில் கெட்டிக்காரர் யார், ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளை யார், யாருடைய அப்பா யார் என்பதொன்றும் அவர்களுக்குத் தெரியாது. பரிசளிப்பு நாளில்தான் புனைபெயருக்குப் பின்னால் இருந்த முகம் வெளிவரும். அந்நாளில் பெயர்பெற்ற ஓர் எழுத்தாளர் உரையாற்றுவார்.

ஏஞ்சல் ஹோல் என்ற கட்டடத்தில் ஹொப்வுட் அறை என்று ஓர் அறை ஒதுக்கப்பட்டது. நடுவில் பெரிய வட்டமேசை, சுற்றிலும் சஞ்சிகைகள், புதுப் புத்தகங்கள், பரிசு பெற்ற பழைய பிரதிகள். வியாழக்கிழமை பின்னேரங்களில் தேநீர். 1952 வரை நெடுங்காலம் பரிசுகளை நடத்திய ரோய் கவுடன் என்ற பேராசிரியர், மாணவரைப் பக்கத்தில் இருத்தி, பிரதியை வரிவரியாக வாசித்துப் பேசுவதில் பேர்பெற்றவர். காசு கையில் கிடைப்பவர் சிலர்தான். அந்த மேசையும் தேநீரும் தோற்றவருக்கும் கிடைத்தன.

*

ஹொப்வுட் பரிசு என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் ஆர்தர் மில்லர். அந்தக் கதை நன்கு தெரிந்ததுதான். ஆனாலும் அதில் வரும் டொலர்க் கணக்கைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும்.

மில்லரின் தந்தை ஐசிடோர் போலந்துப் பக்கத்திலிருந்து சிறுவனாக வந்து, வாசிக்க எழுதச் சரிவரத் தெரியாமலே, நியூ யோர்க்கில் பெண்களுக்கான மேலங்கி தைக்கும் நிறுவனமொன்றை நடத்தியவர். பொருளாதாரப் பெருமந்தத்தில் எல்லாம் போயிற்று. மகன் கார் உதிரிப்பாகக் களஞ்சியமொன்றில் வாரம் 15 டொலருக்கு வேலை செய்தார். மிச்சிகன் அவரை முதலில் எடுக்கவில்லை. பாடசாலைப் புள்ளிகள் அவ்வளவு மோசம். கடிதம் எழுதிக் கெஞ்சி, ஒரு தவணை பார்க்கலாம் என்ற நிபந்தனையில் இடம் பெற்றார். கையில் 500 டொலர் காட்டவேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. அதைச் சேர்த்துக்கொண்டு 1934இல் ஆன் ஆர்பருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் எலிகளுக்குச் சாப்பாடு போடும் வேலை. மாதம் 15 டொலர்.

1936 வசந்தகால விடுமுறையில் ஊருக்குப் போகக் காசில்லாமல் அறையிலேயே இருந்து, ஆறு நாட்களில் ஒரு நாடகத்தை எழுதி முடித்தார். அதற்குமுன் அவர் பார்த்த நாடகங்களை விரல்விட்டு எண்ணலாம். நாடகத்தின் ஓர் அங்கம் எவ்வளவு நேரம் ஓடும் என்பதே தெரியாது. அதே விடுதியில் இருந்த, அரங்க வேலை தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டார்: ஏறக்குறைய அரை மணித்தியாலம். ‘நோ வில்லன்’ என்ற அந்த நாடகம் தையல் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு யூதக் குடும்பத்தைப் பற்றியது. வேலைநிறுத்தம் நடக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து வரும் மகன் தகப்பனின் பக்கம் நிற்பதா, தொழிலாளரின் பக்கம் நிற்பதா? ஹொப்வுட் சிறுபரிசு கிடைத்தது. 250 டொலர்.

களஞ்சிய வேலையின் சம்பளத்தில் அது ஏறக்குறைய 17 வாரக் கூலி. எலிக்குச் சாப்பாடு போடும் வேலையில் 16 மாதத்துக்கும் மேல். ஆறு நாள் எழுத்துக்கு இது கிடைத்தது என்றால், எழுத்து ஒரு வேலை என்று ஒருவர் நம்பத் தொடங்குவார்தானே. அடுத்த ஆண்டும் இன்னொரு நாடகத்துக்கு அதே பரிசு. மூன்றாம் ஆண்டு, சிறைச்சாலையைப் பற்றி எழுதிய நாடகத்துக்குக் கிடைக்கவில்லை. அதற்குள் நாடக எழுத்தைக் கற்பித்த கெனத் ரோ என்ற ஆசிரியரின் துணையும் கிடைத்திருந்தது. 1949இல் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ வந்தபோது, தகப்பனும் மகனும் காசும் என்ற அந்த முதல் நாடகத்தின் கேள்வி உலக அரங்குக்கு வந்துவிட்டது. ‘நோ வில்லன்’ முதன்முதலாக மேடை கண்டது 2015இல், இலண்டனில்.

*

மில்லர் அப்போது பட்டப்படிப்பு மாணவர். பட்டப்பின் மாணவர்களின் கதைகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவற்றில் மூன்றை இங்கே சொல்கிறேன்.

ஜோன் சியார்டி பொஸ்டனில் குடியேறிய இத்தாலியரின் மகன். மூன்று வயதில் தகப்பன் கார் விபத்தில் இறந்துபோனார். எழுத வாசிக்கத் தெரியாத தாயும் மூன்று அக்காமாரும் மிச்சம்பிடித்துச் சேர்த்த காசில் அவர் கல்லூரிக்குப் போனார். அங்கே கற்பித்த ஜோன் ஹோம்ஸ் என்ற கவிஞர், மிச்சிகனுக்குப் போ, அங்கே கவிதைக்குக் காசு இருக்கிறது என்று வழி காட்டினார். சியார்டி போனார். 1939இல் முதுகலைப் பட்டமும் கவிதைக்கான ஹொப்வுட் பெரும்பரிசும் கிடைத்தன. அடுத்த ஆண்டே முதல் தொகுப்பு வந்தது. பின்னாளில் அவர் செய்த தாந்தேயின் மொழிபெயர்ப்பு அமெரிக்கக் கல்லூரிகள் எங்கும் பாடநூலாயிற்று. தாயின் மொழியிலிருந்த காவியத்தை, தாய்க்கு வாசிக்கத் தெரியாத மொழிக்குக் கொண்டுவந்தவர் அவர்.

சியார்டி ஹாவார்டில் கற்பித்தபோது அவரிடம் படித்தவர் ஃபிராங்க் ஓஹாரா. தான் நடந்த வழியையே சியார்டி இவருக்கும் காட்டினார். ஓஹாரா 1950இல் ஆன் ஆர்பருக்கு வந்து, ஒரே ஆண்டில் முதுகலைப் பட்டத்தையும் கவிதைக்கான ஹொப்வுட் பரிசையும் வாங்கிக்கொண்டு நியூ யோர்க்குக்குப் போனார். அங்கே நவீன கலை அரும்பொருளகத்தின் முன்மேசையில் நுழைவுச்சீட்டு விற்கும் வேலை. மதிய உணவு இடைவேளையில் எழுதிய கவிதைகள்தாம் பின்பு அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தன.

மூன்றாவது கதை ரொபேர்ட் ஹேடனுடையது. டிட்ரொயிட்டின் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியில், வளர்ப்புப் பெற்றோரின் வறிய வீட்டில் வளர்ந்தவர். பார்வை மிகக் குறைவு, தடித்த கண்ணாடி. ஹொப்வுட் பரிசு அவருக்கு இரண்டு தடவை கிடைத்தது. 1938இல் ஒருமுறை, 1942இல் கறுப்பின வரலாற்றை வைத்து எழுதிய ‘த பிளாக் ஸ்பியர்’ என்ற தொகுப்புக்காக இன்னொருமுறை. அந்தக் காலத்தில் மிச்சிகனில் கற்பித்துக்கொண்டிருந்த டபிள்யூ. எச். ஓடனிடம் அவர் படித்தார். 1944இல் முதுகலைப் பட்டம். பிறகு அந்த ஆங்கிலத்துறையிலேயே கற்பித்தலுதவியாளராகச் சேர்ந்தார். அந்தத் துறையில் கற்பித்த முதல் கறுப்பினத்தவர் அவரே.

புனைபெயர் முறையின் பெறுமதி இங்கேதான் துலங்குகிறது. தன் வகுப்பறையில் ஒரு கறுப்பின ஆசிரியரைக்கூட அதுவரை நிறுத்தாத ஒரு துறை, ஒரு கறுப்பின மாணவரின் எழுத்துக்கு இரண்டு தடவை பரிசு கொடுத்திருக்கிறது. நடுவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுத்தின் பொருளை மறைக்க முடியாது. அடிமைக் கப்பல்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவரின் கவிதை அதை எழுதியவர் யாரென்று ஓரளவுக்குச் சொல்லிவிடும். ஆனாலும் பெயரைக் கண்டவுடன் தாளை ஒதுக்கி வைக்கும் கை அங்கே இல்லை.

அதே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பரிசு வேலை தராது. ஹேடன் 1946இல் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் 23 ஆண்டுகள் கற்பித்தார். பாடச்சுமை முதுகை முறித்தது. எழுத நேரம் கிடைப்பதில்லை என்பது அவருடைய தீராத மனக்குறை. 1969இல்தான் மிச்சிகன் அவரைப் பேராசிரியராகத் திரும்ப அழைத்தது. 1976இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் கவிதை ஆலோசகரானார். இன்று அரசவைக் கவிஞர் என்று அழைக்கப்படும் அந்தப் பதவியில் அமர்ந்த முதலாவது ஆபிரிக்க அமெரிக்கர் அவர். நான்கு ஆண்டுகளில் இறந்துபோனார். இரண்டு பரிசுகளுக்கும் அந்தப் பதவிக்கும் இடையில் கழிந்த 34 ஆண்டுகளில் எழுதப்படாமல் போன கவிதைகளுக்குக் கணக்கு யாரிடமும் இல்லை.

*

ஒருமுறை கையில் வரும் பரிசு வேறு. மாதாமாதம் வந்து நேரத்தை வாங்கித் தரும் புலமைப்பரிசில் வேறு. மிச்சிகனில் இந்த இரண்டாவது வகைக்கு வழிவிட்ட காசு ஃபோர்ட் காரிலிருந்து வந்தது. ஹொரஸ் ரக்கம் ஒரு சட்டத்தரணி. 1903இல் ஹென்றி ஃபோர்டின் கம்பனியைப் பதிவுசெய்யும் பத்திரங்களை எழுதிக்கொடுத்தவர். அந்தக் கம்பனியில் 5,000 டொலரை முதலிட்டார். 1919இல் பங்குகளை விற்றபோது கிடைத்தது 1 கோடியே 25 இலட்சம் டொலர். 1933இல் அவர் இறந்த பின்னர் அந்தச் செல்வத்தின் ஒரு பகுதி பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பட்டப்பின் கல்லூரி இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. எல்லாத் துறைப் பட்டப்பின் மாணவர்களைப்போல ஆங்கிலத்துறை மாணவர்களும் ஆய்வேட்டை முடிக்கும் கடைசி ஆண்டில் அந்த நிதியை எதிர்பார்க்கிறார்கள்.

மற்ற ஆண்டுகளில் அவர்கள் எப்படிச் சீவிக்கிறார்கள்? கற்பித்து. அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டு மாணவருக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துறைப் பட்டப்பின் மாணவர்களே. கட்டுக்கட்டாகக் கட்டுரைகளைத் திருத்தி முடித்துவிட்டு, இரவில் தங்கள் ஆய்வுக்கோ நாவலுக்கோ வருவார்கள். நாங்கள் மாணவரா, ஊழியரா என்ற கேள்வி இதிலிருந்துதான் பிறந்தது. மிச்சிகனில் அவர்களுடைய தொழிற்சங்கம் 1974இல் அங்கீகாரம் பெற்றது. 1975இல் ஒரு மாத அளவில் வேலைநிறுத்தம் செய்து முதலாவது ஒப்பந்தத்தை வாங்கியது. 2023இலும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. கற்பிக்காமல் இருக்க ஓராண்டு தரும் ஒரு புலமைப்பரிசில் அங்கே ஏன் பொன்னாக எண்ணப்படுகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

2013இல் பழைய மாணவி ஹெலன் செல் மிச்சிகனின் படைப்பெழுத்து முதுகலைக்கு 5 கோடி டொலர் கொடுத்தார். செல் குடும்பத்தின் செல்வம் நிலபுலன் வணிகத்தில் வந்தது. இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்தவருக்கு மூன்றாவது ஆண்டும் எழுதிக்கொண்டிருக்கக் காசு. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இதை முன்னரே வேறுவிதமாகச் செய்திருந்தது. போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் எழுத வந்ததைக் கண்ட வாலஸ் ஸ்டெக்னர், 1946இல் ஒரு புலமைப்பரிசிலைத் தொடக்கினார். காசு ஆங்கிலத்துறைத் தலைவரின் சகோதரருடையது. டெக்சஸ் எண்ணெயில் வந்தது. பட்டமில்லை, கற்பிக்கத் தேவையில்லை, எழுது என்பதுதான் ஏற்பாடு.

பரிசும் நேரமும் சேரும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஜெஸ்மின் வார்ட் ஓர் உதாரணம். மிசிசிப்பியின் ஒரு சிற்றூரிலிருந்து மிச்சிகனுக்கு வந்த கறுப்பினப் பெண். ஐந்து ஹொப்வுட் பரிசுகள் வாங்கினார். 2005இல் முதுகலை முடித்தார். அதன் பிறகு முதல் நாவலை எடுப்பார் இல்லை. எழுத்தை விட்டுத் தாதியர் படிப்புக்குப் போவதென்று முடிவெடுத்த வேளையில்தான் அந்த நாவலை ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டது. 2008இல் நாவல் வந்தது. அதே ஆண்டு ஸ்டெக்னர் புலமைப்பரிசில் கிடைத்து இரண்டு ஆண்டுகள் ஸ்டான்ஃபோர்டில் இருந்தார். 2011இலும் 2017இலும் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது அவருக்குக் கிடைத்தது. ஐந்து பரிசுகள் பெற்ற ஒருவரையே ஆங்கில இலக்கியம் இழந்திருக்கக்கூடும். அவ்வளவு மெல்லிய நூலில்தான் இது தொங்குகிறது.

*

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் ‘உதவித்தொகை’ என்பதை ஈழத்தில் நாம் ‘புலமைப்பரிசில்’ என்கிறோம். ஐந்தாம் வகுப்புப் பரீட்சையின் பெயராகவே அது நம் காதில் பதிந்துவிட்டதால், அந்தச் சொல்லின் வயதை நாம் கவனிப்பதில்லை. பரிசில் என்பது சங்கச் சொல். உதவி இல்லாதவனுக்குக் கொடுப்பது. பரிசில் புலமைக்குக் கொடுப்பது. புறநானூற்றின் 208ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், தன்னை நேரில் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பொருளை ஏற்க மறுக்கிறார். தான் விலைக்குப் பாடும் வணிகனல்லன் என்கிறார். தன் புலமையின் அளவை அறிந்து கொடுப்பதென்றால் தினையளவு போதும் என்கிறார்.

ஹொப்வுட் பரிசு இந்தப் பாட்டைத் தலைகீழாக்குவதுபோலத் தோன்றும். கொடுத்தவர் இறந்துவிட்டார், நடுவர் முகம் பார்ப்பதில்லை. ஆனால் பெருஞ்சித்திரனார் கேட்டது முகத்தைப் பார்க்கச் சொல்லியா, புலமையைப் பார்க்கச் சொல்லியா? அளவறிதல்தான் அவருடைய நிபந்தனை. புனைபெயரிட்ட தட்டச்சுப் பிரதியை வாசித்துத் தீர்ப்புச் சொல்பவர் அந்த நிபந்தனையைத்தான் நிறைவேற்றுகிறார். முகத்தைக் கண்டு கொடுத்த அரசன் அளவறிந்துதான் கொடுத்தான் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது.

அந்த மேசையில் இப்போது நம்மவரும் இருக்கிறார்கள். ‘ஹாஃப் கோட்ஸ்’ என்ற கதைத்தொகுப்பை 2018இல் வெளியிட்ட அகில் குமாரசாமி மிச்சிகனின் படைப்பெழுத்து முதுகலையில் படித்தவர். இலங்கைப் போரின் நிழல் விழுந்த, நியூ ஜேர்சியில் வாழும் ஒரு குடும்பத்தைச் சுற்றிய கதைகள் அவை. வி. வி. கணேசானந்தன் அதே துறையில் செல் பெயரிலான வருகைப் பேராசிரியராக இருந்தவர். யாழ்ப்பாணத்தின் எண்பதுகளைச் சொல்லும் அவருடைய ‘பிரதர்லெஸ் நைட்’ நாவல் 2024இல் பிரித்தானியாவின் பெண்கள் புனைகதைப் பரிசைப் பெற்றது. முதல் நாவல் வெளிவந்து 15 ஆண்டுகளின் பின் வந்த இரண்டாவது நாவல் அது. கேலி நாடகத்திலும் நிலவணிகத்திலும் எங்கோ ஈட்டிய காசுகள், பெற்றவர்கள் எதிர்பார்க்காத ஒரு திசையில் நம் பிள்ளைகளுக்கும் நிழல் கொடுத்திருக்கின்றன.

நாமும் கொடுக்கத் தெரிந்தவர்கள்தாம். ஹாவார்டில் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் டொலர் சேர்ந்தது. ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில் 30 இலட்சம். முதியோர் முதல் பாடசாலைப் பிள்ளைகள் வரை கொடுத்தார்கள். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2001 முதல் வாழ்நாள் சாதனைக்கு இயல் விருது வழங்கி வருகிறது. இவை பெருமைக்குரியவை. ஆனால் இருக்கை பேராசிரியருக்கு. வாழ்நாள் விருது வாழ்ந்து முடித்த எழுத்துக்கு. இரண்டுக்கும் முன்னால், இன்னும் ஒன்றும் நிரூபிக்காத 24 வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறது. பெற்றோர் இரண்டு வேலை பார்த்துப் படிப்பித்த பிள்ளை. ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுதவேண்டும் என்கிறது. வீட்டில் அடுத்த கேள்வி என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும்: அதில் எப்படிச் சீவிப்பாய்?

அது கெட்ட கேள்வி அல்ல. களஞ்சியத்தில் பெட்டி தூக்கிய மில்லரும் அதைக் கேட்டிருப்பார். சியார்டியின் தாயும் கேட்டிருப்பார். மிச்சிகனின் கதை அதற்குக் கொடுக்கும் பதில் சிறியது, திட்டமானது. ஒரு துறை, ஒரு மேசை, பெயர் எழுதாத ஒரு பிரதி, அதை நேர்மையாக வாசிக்கும் வெளியாள் ஒருவர், 17 வாரக் கூலிக்குச் சமமான ஒரு தொகை. இருக்கை ஒன்றுக்குச் சேர்த்த காசின் சிறு பங்கே இதற்குப் போதும். மிச்சிகனில் இத்தனை எழுத்தாளர்களும் அந்த அளவான ஏற்பாட்டிலிருந்துதான் புறப்பட்டார்கள்.

ஹொப்வுட் தன் கனதியான நாவலைத் தன் கண்ணால் அச்சில் காணவில்லை. அவர் பெயரில் பரிசு பெற்றவர்களின் புத்தகங்கள் ஹொப்வுட் அறையின் சுவர்களை நிறைத்திருக்கின்றன.